எல்லோரும் ஒரே நொடியில்

2020 ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை. கொரோனா ஊரடங்கின் பத்தாவது நாள். காலை 9 மணிக்குப் பிரதமர் மோடி ஒரு வேண்டுகோள் விடுத்தார்: வரும் ஞாயிறு இரவு 9 மணிக்கு வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, 9 நிமிடம் அகலோ மெழுகுவத்தியோ ஏற்றி வையுங்கள். நாட்டில் பெரும்பாலோர் வீட்டில் எண்ணெயும் திரியும் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். தில்லியில் உள்ள தேசிய மின்சுமை பகிர்வு மையத்திலும், மும்பை, பெங்களூரு, கொல்கத்தா, ஷில்லாங் மண்டல மையங்களிலும் பொறியாளர்கள் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டரை நாள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். கோடையில் ஏசிகள் ஓடித் தேவை எகிறினால் கவலைப்படலாம். விளக்கை அணைத்தால் சுமை குறையத்தானே செய்யும்? ஆனால் மகாராஷ்டிர மின்துறை அமைச்சர் நிதின் ராவுத் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். விளக்குகளை மட்டும் அணையுங்கள், மின்விசிறி, ஃபிரிட்ஜ், ஏசியை அணைக்க வேண்டாம், தெருவிளக்குகளும் மருத்துவமனைகளும் வழக்கம்போல் இயங்கும் என்று மத்திய மின் அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. ஒன்பது நிமிட இருட்டுக்கு ஏன் இத்தனை முன்னெச்சரிக்கை? பதில் மின்நிலையத்தில் சுழலும் ஓர் இரும்புத் தண்டில் இருக்கிறது.

சுழலும் இரும்பு

மின்கட்டமைப்பில் மின்சாரம் இருப்பாகக் கிடப்பதில்லை. மின்கலத் தொகுப்புகளும், மலைமேல் நீரைத் தேக்கிவைக்கும் நிலையங்களும் உண்டு. மொத்தத் தேவையில் அவை சிறு பங்குதான். மதுரையில் ஒருவர் கிரைண்டரைப் போட்டால், அது இழுக்கும் மின்சாரத்தை எங்கோ உள்ள மின்நிலையங்கள் அதே நொடியில் உற்பத்தி செய்தாக வேண்டும். மதுரையில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு எப்படித் தெரியும்? யாரும் போன் போட்டுச் சொல்வதில்லை.

அந்தச் செய்தியைக் கொண்டுபோவது மின்சாரமேதான். அனல்மின் நிலையத்தில் நீராவி டர்பைனைச் சுற்றுகிறது. அதே அச்சில் ஜெனரேட்டரின் ரோட்டாரும் சுற்றுகிறது. பல டன் எடையுள்ள இந்தச் சுழலி நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழல்கிறது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் இங்கிருந்துதான் வருகிறது. சுழலி ஒரு மின்காந்தம். அதைச் சூழ்ந்துள்ள செப்புச் சுருள்களில் ஓடும் மின்னோட்டம் அதைப் பின்னோக்கிப் பிடித்து இழுக்கிறது. சுமை கூடினால் சுருளில் மின்னோட்டம் கூடும், பிடி இறுகும். வரும் நீராவி அதே அளவாக இருந்தால், சுழலி தன் சுழற்சி ஆற்றலைக் கொஞ்சம் செலவழித்துத்தான் கூடுதல் மின்சாரத்தைத் தர முடியும். வேகம் மயிரிழை அளவு குறையும். சுமை குறைந்தால் பிடி தளரும், வேகம் ஏறும்.

இது ஒரு நிலையத்தின் கதை மட்டுமல்ல. ஒரே கட்டமைப்பில் மாறுமின்சாரக் கம்பிகளால் இணைந்த எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே அதிர்வெண்ணில் பூட்டப்பட்டிருக்கின்றன. திருவாரூர்த் தேரின் வடத்தைப் பிடித்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர் மட்டும் தனி வேகத்தில் நடக்க முடியாது; பாதை கொஞ்சம் மேடேறினால் அத்தனை பேரின் நடையும் ஒன்றாகத் தளரும். மின்கட்டமைப்பும் அப்படித்தான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையிலான 765 கிலோவோல்ட் மின்தொடர் இணைக்கப்பட்டபோது தென்னிந்தியாவும் இந்த வடத்தைப் பிடித்தது. அன்று முதல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே அதிர்வெண். பஞ்சாபில் ஒரு பெரிய ஆலை சட்டென்று நின்றால், தூத்துக்குடியில் சுழலி அதை உணரும்.

இந்தியாவில் அதிர்வெண் இருக்க வேண்டிய எல்லை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். இதை விட்டு நகரும்போது முதலில் சுழலிகளின் சொந்த ஆற்றல் தாங்கிப் பிடிக்கிறது. அடுத்த சில நொடிகளில் கவர்னர் என்ற கருவி வேக மாற்றத்தை உணர்ந்து நீராவி வால்வைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. அதற்குப் பின்னால் உள்ள கொதிகலன் இவ்வளவு சுறுசுறுப்பானதல்ல. நிலக்கரியைக் கூட்டிக் குறைத்து உற்பத்தியை மாற்றுவது நிமிடக்கணக்கான வேலை. இந்திய அனல்மின் நிலையங்கள் நிமிடத்துக்குத் தம் திறனில் 1 சதவீத வேகத்தில் ஏறி இறங்கினாலே நல்ல வேகம். நொடியில் நடக்கும் மாற்றத்துக்கும் நிமிடத்தில் நடக்கும் பதிலுக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,20,000 மெகாவாட் திறனுள்ள எந்திரங்கள் சுழன்றுகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய சுழலியில் பொதிந்துள்ள சுழற்சி ஆற்றல், அந்த எந்திரத்தின் முழு உற்பத்தியை ஏறக்குறைய 4 நொடிக்கு ஈடுகட்டும். மொத்தம் 4,80,000 மெகாவாட்-நொடி. அதிர்வெண் அரை ஹெர்ட்ஸ் நகர்வது என்பது வேகத்தில் 1 சதவீத மாற்றம். சுழற்சி ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதற்கு 2 சதவீத ஆற்றல் வேண்டும். அதாவது 9,600 மெகாவாட்-நொடி. உற்பத்திக்கும் தேவைக்கும் 1,000 மெகாவாட் வித்தியாசம் வந்தால், யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அரை ஹெர்ட்ஸ் நகர 9.6 நொடி ஆகும். கவர்னர் விழித்துக்கொள்ள அது போதும். வித்தியாசம் 31,000 மெகாவாட் என்றால்? ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. வால்வு முழுதாக அசைவதற்குள் கதை முடிந்துவிடும்.

எல்லை மீறினால் எந்திரங்கள் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். டர்பைனின் கடைசி வரிசை இறக்கைகள் நீளமானவை. தவறான வேகத்தில் அவை அதிர்ந்து விரிசல் விடலாம். அதனால் அதிர்வெண் மிகக் குறைந்தாலும் மிக ஏறினாலும் நிலையம் கட்டமைப்பிலிருந்து துண்டித்துக்கொள்ளும். தட்டுப்பாட்டில் ஒரு நிலையம் விலகினால் மிச்சமுள்ளவற்றின் சுமை கூடும், அதிர்வெண் இன்னும் இறங்கும், அடுத்தது விலகும். இந்தச் சரிவைத் தடுக்கத்தான் ரிலேக்கள் இருக்கின்றன. அதிர்வெண் குறிப்பிட்ட படிகளுக்குக் கீழே இறங்கினால் யாரையும் கேட்காமல் சில ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர்களை வெட்டிவிடும். அதுவும் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் நாடு பார்த்தது. மின்தொடர் ஒன்றில் தொடங்கிய பழுது பரவி, இரண்டாம் நாள் 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதி இருண்டது. தென்னகக் கட்டமைப்பு அப்போது வடக்கோடு நேர்மின்சார இணைப்பு வழியாக மட்டுமே சேர்ந்திருந்தது. அதனால் தமிழ்நாட்டில் விளக்கு எரிந்தது.

கலைந்து கிடப்பதன் பலம்

இவ்வளவு நுட்பமான சமநிலை என்றால், 140 கோடிப் பேர் இஷ்டத்துக்கு சுவிட்ச் போடும் நாட்டில் அது எப்படித் தினமும் நிற்கிறது?

நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். மிக்ஸி, கீசர், அயர்ன் பாக்ஸ், மோட்டார் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 4 கிலோவாட். கூட்டினால் 400 கிலோவாட். அந்தத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை யாரும் 400 கிலோவாட்டுக்கு வைப்பதில்லை. அதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். ஒரு வீட்டில் துணி தேய்க்கும்போது பக்கத்து வீட்டில் குளித்துக்கொண்டிருப்பார்கள். எதிர்வீட்டில் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. ஃபிரிட்ஜ் இருபத்து நான்கு மணி நேரமும் பிளக்கில் இருந்தாலும், அதன் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடிக் கொஞ்ச நேரம் ஓயும். ஊரில் உள்ள எல்லா ஃபிரிட்ஜ்களும் சேர்ந்து ஓடுவதும் இல்லை, சேர்ந்து ஓய்வதும் இல்லை.

தெருவிலிருந்து நகரத்துக்கும் நகரத்திலிருந்து நாட்டுக்கும் போகப் போக, இந்தத் தனித்தனி ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வரைபடம் வழவழப்பாகிவிடும். எந்த ஒரு வீட்டில் நாளை காலை எத்தனை மணிக்குக் கீசர் போடுவார்கள் என்று சுமை பகிர்வு மையத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் மாநிலம் முழுவதும் நாளை காலை எவ்வளவு வேண்டும் என்பதைச் சில சதவீதப் பிழைக்குள் சொல்லிவிடுவார்கள். பண்டிகை, மழை, வெப்பநிலை, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பழைய கணக்கு இருக்கிறது.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மே 30 அன்று நாட்டின் தேவை 2,50,000 மெகாவாட். இரண்டும் அதுவரை காணாத உச்சங்கள். இரண்டையும் கட்டமைப்பு தாங்கியது. வெயில் மணிக்கணக்கில் ஏறும், ஏசிகள் ஒவ்வொன்றாகச் சேரும், கொதிகலன்கள் கூடவே சூடேறும். பெரிய சுமைக்குப் பெரிய மின்நிலையமும் தடித்த கம்பியும் வேண்டும்; அது பணத்தால் தீரும் பிரச்சினை. சிறிய சுமைகள் ஒரே கணத்தில் சேர்ந்துகொள்வது வேறு ரகம். கட்டமைப்பு நம்மிடம் எதிர்பார்ப்பது சிக்கனத்தைவிட, நாம் ஒருவரோடொருவர் நேரம் ஒத்துப்போகாமல் இருப்பதைத்தான்.

கால்பந்தும் தேநீரும்

மக்கள் நேரம் ஒத்துப்போனால் என்ன நடக்கும் என்பதை முதலில் விவரமாகக் கற்றுக்கொண்டவர்கள் பிரிட்டிஷ் பொறியாளர்கள். அங்கே மின்சாரக் கெட்டில் இல்லாத வீடு அரிது. பெரும்பாலானவை இரண்டரை முதல் மூன்று கிலோவாட் இழுப்பவை. தொலைக்காட்சியில் விரல்விட்டு எண்ணும் அலைவரிசைகளே இருந்த காலத்தில், ஒரு பிரபலமான தொடர் முடிந்த மறு நிமிடம் லட்சக்கணக்கானவர்கள் எழுந்து சமையலறைக்குப் போய்க் கெட்டிலைப் போடுவார்கள். கழிப்பறைக்கும் போவார்கள், அதனால் நீரேற்று நிலையங்களின் பம்புகளும் சேர்ந்து ஓடும். தேவை வரைபடத்தில் ஒரு கம்பம் நட்டதுபோல் கோடு எழும்.

அவற்றில் மிகப் பேர்போனது 1990 ஜூலை 4. இத்தாலியின் டூரினில் உலகக்கோப்பை அரையிறுதி. இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் கூடுதல் நேரம் முடிந்தும் 1-1 என நின்றன. பெனால்டியில் ஸ்டூவர்ட் பியர்ஸ் அடித்ததைக் கோல்கீப்பர் தடுத்தார், கிறிஸ் வாடில் அடித்தது கம்பத்துக்கு மேலே பறந்தது. இங்கிலாந்து தோற்றது. அந்த நிமிடம் பிரிட்டனின் மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. இரண்டரை கிலோவாட் கெட்டில் என்று வைத்தால், 11 லட்சத்துக்கும் மேற்பட்ட கெட்டில்கள் சேர்ந்தாற்போல் சூடானதற்குச் சமம்.

தொடர் எத்தனை மணிக்கு முடியும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கும். கால்பந்து ஆட்டம் எப்போது முடியும் என்று யார் சொல்வது? 90 நிமிடத்தில் முடியலாம், கூடுதல் நேரம் போகலாம், பெனால்டிக்குப் போகலாம், அது எத்தனை உதையில் முடியும் என்பது கடைசி உதைவரை தெரியாது. அதனால் பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு அறையில் தொலைக்காட்சி பார்ப்பதும் பணியின் ஒரு பகுதி. நிகழ்ச்சியின் கடைசி எழுத்துகள் ஓடும் நேரத்தைக் கவனித்து, எந்த நிலையத்தை எந்த நொடியில் எழுப்புவது என்று முடிவு செய்வார்கள்.

எழுப்பப்படும் நிலையங்களில் முதன்மையானது வேல்ஸில் உள்ள டினோர்விக். பழைய சிலேட்டுக்கல் சுரங்கம் ஒன்றின் மலையைக் குடைந்து, 1974இல் தொடங்கி 1984இல் திறக்கப்பட்ட நிலையம். திறன் ஏறக்குறைய 1,700 மெகாவாட். மலைமேல் ஓர் ஏரி, அடிவாரத்தில் இன்னோர் ஏரி. தேவை குறைந்த இரவில் கீழே உள்ள நீரை மேலே ஏற்றிவைப்பார்கள். வேண்டும்போது அதை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம் இறக்கும்போது கிடைப்பதைவிட அதிகம். அதாவது மின்சாரக் கணக்கில் இந்த நிலையம் நிகர நஷ்டத்தில் ஓடுகிறது. அது விற்கும் சரக்கு வேகம்.

அந்த வேகத்துக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. தேவை எகிறும் என்று தெரிந்தால், டர்பைனைச் சூழ்ந்துள்ள நீரை அழுத்தப்பட்ட காற்றால் கீழே தள்ளிவிட்டு, ஜெனரேட்டரை மோட்டார்போல மின்சாரம் கொடுத்துச் சுழலவிடுவார்கள். எந்திரம் கட்டமைப்போடு இணைந்தபடியே, வெறும் காற்றில் முழு வேகத்தில் சுழன்று காத்திருக்கும். கட்டளை வந்ததும் வாயில் திறந்து நீர் பாயும். சுழலியை நின்ற நிலையிலிருந்து கிளப்பி, வேகம் ஏற்றி, இணைக்கும் வேலை ஏற்கெனவே முடிந்திருப்பதால், 12 நொடியில் 1,320 மெகாவாட் கிடைத்துவிடும். நிலக்கரி நிலையம் அந்த நேரத்தில் வால்வைத்தான் திறந்திருக்கும். ஆனைமலையில் உள்ள நம் காடம்பாறை நிலையமும், 400 மெகாவாட் திறனில், இதே ஏற்றி இறக்கும் முறையில்தான் இயங்குகிறது.

இப்போது பிரிட்டனில் இந்தத் தேநீர் அலைகள் தணிந்துவிட்டன. மக்கள் தொடர்களைத் தங்களுக்கு வசதியான நேரத்தில் செல்பேசியில் பார்க்கிறார்கள். நேரலையாகவே பார்த்தாக வேண்டிய பெரிய கால்பந்து ஆட்டம்தான் இன்னும் எல்லோரையும் ஒரே நொடியில் எழுப்புகிறது.

ஞாயிறு இரவு

2020 ஏப்ரல் 5க்குத் திரும்புவோம். ஊரடங்கால் ஆலைகள் மூடியிருந்தன, ரயில்கள் நின்றிருந்தன. மொத்தச் சுமை சுருங்கி, அதில் வீடுகளின் பங்கு வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. வீட்டு விளக்குகள் மட்டும் அணைந்தால் 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று மதிப்பிட்டார்கள். குறைவது முதல் சோதனை. 9 நிமிடம் கழித்து எல்லோரும் மறுபடி சுவிட்சைப் போடுவது இரண்டாவது சோதனை.

திட்டம் நீர்மின்சாரத்தைச் சுற்றி வகுக்கப்பட்டது. அனல்மின் நிலையத்தைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறக்கினால் தீ நிலைக்காது; அணைத்துவிட்டால் மறுபடி கிளப்பப் பல மணி நேரம் ஆகும். நீர்மின் நிலையத்தில் வாயிலை மூடினால் குறையும், திறந்தால் கூடும். அதனால் மாலை 6.10 முதல் 8 மணி வரை நீர்மின் உற்பத்தியைக் குறைத்து, அந்த நீரை இரவுக்கென்று சேமிக்கச் சொன்னார்கள். 8.45க்குப் பிறகு அனல்மின் நிலையங்கள் 60 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். அந்த இடத்தை நீர்மின் நிலையங்கள் ஏறி நிரப்ப வேண்டும். விளக்குகள் அணையத் தொடங்கும்போது நீர்மின்சாரம் மளமளவென்று இறங்க வேண்டும். இறங்கினாலும் இணைப்பைத் துண்டிக்காமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் சில நிமிடங்களில் அதே எந்திரங்கள் ஏற வேண்டியிருக்கும். மின்னழுத்தம் இன்னொரு கவலை. சுமை குறைந்த நீண்ட மின்தொடர்களில் அழுத்தம் தானாக ஏறும். அதைப் பிடித்து வைக்க ரியாக்டர் எனப்படும் சுருள்களைத் தயார்ப்படுத்தினார்கள்.

இரவு 8.45க்கே வரைபடம் இறங்க ஆரம்பித்தது. அப்போது தேவை ஏறக்குறைய 1,17,000 மெகாவாட். 9 மணிக்கு அது மதிப்பீட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. 9.10க்கு 85,799 மெகாவாட். மொத்த வீழ்ச்சி 31,089 மெகாவாட், எதிர்பார்த்ததைப் போல இரு மடங்குக்கும் மேல். தமிழ்நாடு முழுவதும் ஓர் உச்சக் கோடை நாளில் இழுப்பதைப் போல ஒன்றரை மடங்கு. விளக்கோடு நிறுத்தாமல் கைக்கெட்டிய சுவிட்சையெல்லாம் தட்டிய வீடுகள் நிறைய இருந்திருக்க வேண்டும்.

நீர்மின் நிலையங்கள் 25,559 மெகாவாட்டிலிருந்து 8,016க்கு, அதாவது 25 நிமிடத்தில் 17,543 மெகாவாட் இறங்கின. அனல், எரிவாயு, காற்றாலை சேர்ந்து இன்னொரு 10,950 மெகாவாட்டைக் குறைத்தன. 9.10க்கு மேல் விளக்குகள் எரியத் தொடங்கியதும், அடுத்த 17 நிமிடத்தில் நீர்மின்சாரம் 8,016லிருந்து 19,012க்கு ஏறியது. இந்த முழு நிகழ்விலும் அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையே ஆடியது. எல்லையைத் தாண்டிய ஆட்டம்தான். ஆனால் ஒரு நிலையமும் பயந்து விலகும் அளவுக்குப் போகவில்லை.

முன்பு போட்ட கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். 31,000 மெகாவாட் ஒரே நொடியில் விலகியிருந்தால் அரை ஹெர்ட்ஸ் ஏற மூன்றில் ஒரு பங்கு நொடி போதும். அன்று அதே 31,000 விலக 25 நிமிடம் எடுத்தது. சராசரியாக நொடிக்கு 20 மெகாவாட் சொச்சம். மதிப்பீடு பிழைத்தும் கட்டமைப்பு பிழைத்ததற்கு அணைகளில் இருந்த நீர் ஒரு காரணம், இரண்டரை நாள் முன்னறிவிப்பு இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்துக்கு யாரும் திட்டமிடவில்லை: சில வீடுகளில் கடிகாரம் முந்தியது, சில வீடுகளில் பாட்டி முன்கூட்டியே விளக்கேற்றிவிட்டார், சிலர் எட்டே முக்காலுக்கே மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள், சிலர் பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தார்கள். ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்யச் சொல்லி நாட்டின் பிரதமரே கேட்டாலும் மனிதர்களால் அது முடிவதில்லை. அன்று கட்டமைப்புக்கு அது நல்லதாகப் போயிற்று.

கரண்ட் திரும்பும் நேரம்

யாரும் அறிவிக்காமல், யாரும் விரும்பாமல் எல்லோரும் ஒத்துப்போகும் ஒரு தருணம் உண்டு. கரண்ட் போய்த் திரும்பும் நேரம்.

ஒரு தெருவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. சாதாரண நேரத்தில் மூன்று ஃபிரிட்ஜில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் என்றால், இப்போது மூன்றும் சூடாகிக் கிடக்கின்றன. எல்லா அறைகளும் வெந்துகிடப்பதால் எல்லா ஏசியும் ஒன்றாக ஓட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிகள் எல்லாம் காலி. மேல்தொட்டி காய்ந்துபோனதால் மோட்டார் சுவிட்சையும் யாரோ போட்டே வைத்திருக்கிறார். மின்சாரம் வந்த கணத்தில் இவை அத்தனையும் கிளம்பும். போதாக்குறைக்கு, நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் முதல் சில கணங்களில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். தனித்தனியாக ஓடும்போது கலைந்து கிடந்த சுமைகளை மின்வெட்டு ஒரே கோட்டில் நிறுத்திவிட்டது. வந்த கரண்ட் உடனே போவதும், டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் எரிவதும் இதனால்தான். பெரிய மின்தடைக்குப் பிறகு துணைமின் நிலையத்தில் எல்லா ஃபீடர்களையும் ஒரேயடியாகப் போடாமல், ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று என்று போடுவதற்கும் இதுவே காரணம்.

பல மாநிலங்களில் கிராமங்களுக்கு இது தினசரி அனுபவம். பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட மணிநேரம் மட்டும் வரும். நள்ளிரவில் எழுந்து வயலுக்குப் போவதைத் தவிர்க்க விவசாயி ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்துகிறார். அவர் பக்கத்தில் அது முழுக்க நியாயம். ஆனால் அந்த ஃபீடரில் உள்ள எல்லோரும் பொருத்தும்போது, மின்சாரம் வந்த நொடியில் நூறு மோட்டார்கள் சேர்ந்து கிளம்புகின்றன. அழுத்தம் தாழ்கிறது, தாழ்ந்த அழுத்தத்தில் மோட்டார்கள் கிளம்ப முடியாமல் முனகிக்கொண்டு அந்த அதிக மின்னோட்டத்தையே இழுத்துக்கொண்டிருக்கின்றன, சில மோட்டார்களின் காயில் எரிகிறது, சில நேரம் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடுகிறது. மோட்டார்களின் எண்ணிக்கை கூடவில்லை. அவற்றுக்கிடையே இருந்த ஐந்து பத்து நிமிட இடைவெளி காணாமல் போனது, அவ்வளவுதான்.

கடிகாரம் தவறாத எந்திரங்கள்

ஆட்டோ ஸ்டார்ட்டர் ஒரு முன்னோட்டம். மனிதன் போட்ட சுவிட்சுகளை இனி எந்திரங்கள் போடப்போகின்றன. அவற்றின் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போவது, நொடி பிசகாது.

ஜெர்மனி இதை முதலில் உற்பத்திப் பக்கத்தில் சந்தித்தது. அங்கே கூரைச் சூரியத்தகடுகள் அபூர்வமாக இருந்த காலத்தில், பாதுகாப்புக்காக ஒரு விதி போட்டார்கள்: அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால், தகட்டின் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்ப மாற்றித்தரும் இன்வெர்ட்டர் தானாக அணைய வேண்டும். சில நூறு கூரைகள் அணைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு கூரைகள் லட்சக்கணக்காகப் பெருகின. அந்தப் பழைய விதி அத்தனை பெட்டிகளிலும் அப்படியே பதிந்திருந்தது. ஐரோப்பாவின் இணைந்த கட்டமைப்பு திடீரென்று 3,000 மெகாவாட் இழந்தால் தாங்கும்படிதான் உடனடி இருப்பை வைத்திருந்தது. வெயிலுள்ள ஒரு மதியம் அதிர்வெண் 50.2ஐத் தொட்டால், அதைப்போல் பல மடங்கு உற்பத்தி ஒரே கணத்தில் மறைந்துவிடும் நிலை. 2012இல் சட்டம் போட்டு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவல்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். திருத்தம் எளிமையானது: ஒரே எல்லையில் மொத்தமாக அணையாமல், படிப்படியாகவோ வெவ்வேறு எல்லைகளிலோ விலக வேண்டும்.

அடுத்தது தேவைப் பக்கம். இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், நாளின் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் முறையைக் கொண்டுவந்தன. வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் மிகும், அப்போது கட்டணம் குறைவு. மாலை உச்சத்தில் அதிகம். நல்ல யோசனைதான். மின்சாரம் மிகுதியாக இருக்கும் நேரத்துக்குத் தேவையை நகர்த்துகிறது. இதோடு ஸ்மார்ட் மீட்டரும், டைமர் வைத்த சார்ஜரும் சேரும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு மின் ஸ்கூட்டரின் சார்ஜர் 750 வாட் என்றால், 10 லட்சம் ஸ்கூட்டர்கள் 750 மெகாவாட். வீட்டில் 7 கிலோவாட்டில் சார்ஜ் ஆகும் கார்கள் ஒரு லட்சம் இருந்தால் 700 மெகாவாட். மாலையில் அவரவர் வீடு திரும்பிய நேரத்தில் பிளக்கைச் செருகியிருந்தால் இவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் பரவியிருக்கும். மாலை உச்சக் கட்டணம் இரவு 10 மணிக்கு முடிகிறது என்று எல்லாச் சார்ஜருக்கும் தெரிந்துவிட்டால், 10 மணி அடித்த முதல் நொடியில் எல்லாம் விழிக்கும். 1990இன் தேநீர் அலைக்காவது மனிதர்கள் எழுந்து நடந்து சமையலறைக்குப் போகும் நேரம் தடையாக இருந்தது.

கெட்டிலால் பாடம் கற்ற பிரிட்டன், சார்ஜருக்கு முன்கூட்டியே விதி எழுதியது. 2022 ஜூன் 30 முதல் அங்கே விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள், குறித்த நேரத்துக்கு மேல் 10 நிமிடம் வரை ஏதாவது ஒரு நேரத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்துகொண்டு அதன்பிறகே கிளம்பும்படி அமைக்கப்பட வேண்டும். காருக்கு இதனால் நஷ்டமில்லை. விடிவதற்குள் எப்படியும் நிரம்பிவிடும். 700 மெகாவாட் ஒரே நொடியில் வராமல் 10 நிமிடத்தில் பரவி வரும்போது, அது நொடிக்கு 1 மெகாவாட்டைச் சற்றே தாண்டிய ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. கவர்னர்கள் அதைச் சுலபமாகத் தாங்கும்.

நூறு வருடங்களாக மனிதர்களின் மறதியும் சோம்பலும் தாமதமும் கட்டமைப்புக்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு இது. வேலையை எந்திரத்திடம் ஒப்படைக்கும்போது அதையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். இதற்காகப் புது அணை கட்டவோ புது மின்நிலையம் எழுப்பவோ வேண்டாம். சார்ஜரின் மென்பொருளில் சில வரிகள் போதும். ஆனால் அவற்றை எழுதச் சொல்லும் விதி, பெட்டிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்வதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். பின்னால் வந்தால் என்ன செலவாகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், 3 லட்சம் நிறுவல்களைத் தேடித் தேடித் திருத்திய ஜெர்மானியர்களைக் கேட்கலாம்.